நாசர் ஹுசைன்: பயம் வளர்த்த கேப்டன்

பள்ளிப் பருவத்தின் நடுவில், ஒரு குளிர்காலத்தில், பின்னாளில் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் கேப்டனான நாசர் ஹுசைனுக்குக் கைவித்தை தொலைந்து போனது. அதுவரை அவர் லெக் ஸ்பின்னர், மணிக்கட்டால் பந்தைச் சுழற்றுகிறவர். விளையாட்டாகச் சுழற்றிப் போட்ட பையன் இல்லை. 8 வயதிலேயே, இங்கிலாந்தின் மாவட்ட அணிகளில் ஒன்றான எசெக்ஸ் கவுண்டியின் 11 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர், 12 வயதில் 15 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் போனவர். பெரிய பையன்களையெல்லாம் திணறடித்த பந்துவீச்சு அது. அந்தக் குளிர்காலத்தில் மடமடவென்று உயரம் கூடியது. உயரம் கூடியதும் பந்து கையை விட்டுப் போகும் இடம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு போட்ட பந்துகள் இரண்டு முறை தரையில் குத்தி உருண்டன, இல்லாவிட்டால் வலையின் கூரையில் போய் முட்டின.

லெக் ஸ்பின் அப்படிப்பட்ட கலை. வேகப்பந்து வீச்சாளருக்கு உயரம் கூடினால் லாபம். லெக் ஸ்பின்னருக்கோ மணிக்கட்டு, விரல், தோள் மூன்றும் ஒரே நொடியில் சேர வேண்டும். உடம்பு கொஞ்சம் மாறினாலும் அந்தக் கணக்கு கலைந்துவிடும். சிலருக்குத் திரும்பி வரும். நாசருக்கு வரவில்லை.

கூரையில் பந்து முட்டிய அந்த வலை அவருடைய அப்பாவுடையது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரும் அப்பாதான். நாசர் ஹுசைனின் முழு கிரிக்கெட் வாழ்க்கையையும் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், 14 டெஸ்ட் சதங்களையும் 45 டெஸ்ட் தலைமையையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்பா ஜவாத் ஹுசைனை இங்கிலாந்தில் எல்லோரும் 'ஜோ' என்றுதான் அழைத்தார்கள். 1960களில் ரஞ்சிக் கோப்பையில் மெட்ராஸ் அணிக்காக ஆடியவர். ஆடியது ஒரே ஒரு முதல்தரப் போட்டி. அம்மா ஷிரீன் ஆங்கிலேயப் பெண்மணி. நாசர் பிறந்தது 1968 மார்ச் 28 அன்று மெட்ராஸில். அப்பா மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் ஆடப் போகும்போது அண்ணன்களோடு சேர்ந்து சேப்பாக்கம் மைதானத்தில் ஓடித் திரிந்ததுதான் அவருடைய முதல் கிரிக்கெட். 1975ல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. லண்டனின் கிழக்கு ஓரத்தில், எசெக்ஸை ஒட்டிய இல்ஃபோர்டில் குடியேறினார்கள். அங்கே ஓர் உள்ளரங்க கிரிக்கெட் பள்ளியை ஜோ எடுத்து நடத்தத் தொடங்கினார்.

உள்ளரங்கப் பள்ளி என்றால் என்னவென்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் மழைக்காலம் தவிர வருடம் முழுக்க வெளியில் ஆடலாம். இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசியோடு கிரிக்கெட் மூட்டை கட்டிவிடும். மறுபடி ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆறு மாதமும் கூரைக்கு அடியில், செயற்கைத் தரையில், வலைக்குள்தான் பயிற்சி. மற்ற பையன்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் காசு கொடுத்து அப்படி ஒரு வலைக்கு வருவார்கள். ஹுசைன் வீட்டுப் பிள்ளைகளுக்கோ வலை அப்பாவின் கடை மாதிரி. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான். மளிகைக்கடைக்காரர் பிள்ளை பொட்டலம் கட்டக் கற்றுக்கொள்வதுபோல அவர்கள் கிரிக்கெட்டைக் கற்றார்கள்.

மூன்று பையன்கள். மூத்தவர் மெல், 1985ல் வோர்செஸ்டர்ஷைருக்காக ஒரு முதல்தரப் போட்டி ஆடினார். அதோடு சரி. அடுத்தவர் அப்பாஸ் எசெக்ஸ் இரண்டாம் அணி வரை வந்தார். அப்பாவுக்கு ஒரு போட்டி, அண்ணனுக்கு ஒரு போட்டி. கடைசியில் எல்லாக் கண்களும் இளையவர்மேல் விழுந்தன. அந்த இளையவரின் லெக் ஸ்பின்தான் குளிர்காலத்தில் காணாமல் போனது. அப்பாவை ஏமாற்றிவிட்டோமே என்று அந்த வயதில் உடைந்து போனதைப் பின்னாளில் நாசரே சொல்லியிருக்கிறார்.

இங்கிலாந்தில் 'கிரிக்கெட் குடும்பம்' என்றால் வழக்கமாக வேறு படம்தான் மனதில் வரும். கெண்ட் கவுண்டியின் கௌட்ரி குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலின் கௌட்ரி 114 டெஸ்ட் ஆடியவர், இங்கிலாந்தின் கேப்டன். மகன் கிறிஸ் 1988ல் ஒரே ஒரு டெஸ்டுக்குக் கேப்டன் ஆனார். அப்போது தேர்வுக்குழுத் தலைவராக இருந்த பீட்டர் மே, கிறிஸின் ஞானத்தந்தை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குடும்பப் பெயர் கதவுகளை எப்படித் திறந்து வைத்திருந்தது என்பதைச் சொல்கிறேன். பேர்ஸ்டோ, பிராட், ஸ்டூவர்ட் என்று இன்னும் பல அப்பா மகன் ஜோடிகள் உண்டு. ஹுசைன் குடும்பத்துக்கு அப்படித் திறந்து வைக்கப்பட்ட கதவு எதுவும் இல்லை. கிரிக்கெட் அவர்கள் வீட்டில் சொத்தாக வரவில்லை, தொழிலாக வந்தது.

லெக் ஸ்பின் போனதும் நாசர் மட்டையைக் கையில் எடுத்தார். தாமதமாகத் தொடங்கியதால் அவருடைய பேட்டிங் கடைசி வரைக்கும் ஒரு மாதிரி தனியாகத்தான் இருந்தது. கீழ்க்கையின் பிடி அதிகம். மட்டையின் முகத்தைத் திறந்து பந்தை ஸ்லிப்புக்குப் பின்னால், தேர்ட் மேன் பக்கம் ஓடவிடுவார். பயிற்சிப் புத்தகம் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்காத ஷாட் அது. ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்து ஆட்டமிழக்கும்போதெல்லாம் அதையே குற்றம் சொன்னார்கள். அந்த ஷாட்டிலேயே அவர் ஆயிரக்கணக்கில் ரன் எடுத்தார் என்பதும் உண்மை.

டர்ஹம் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1987ல் எசெக்ஸுக்காக முதல்தர அறிமுகம். 1989ல் ஒருங்கிணைந்த பல்கலைக்கழக அணி, கவுண்டிகளின் ஒருநாள் போட்டியான பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பையில் காலிறுதிவரை போனது. மாணவர்களின் அணி கவுண்டி அணிகளைத் தாண்டி அவ்வளவு தூரம் வந்தது பெரிய செய்தி. அந்த அணிக்குக் கேப்டன் மைக்கேல் ஆதர்டன். காலிறுதியில் சதம் அடித்தவர் நாசர். சிறுவயதில் இருவருமே லெக் ஸ்பின்னர்கள், பள்ளி அணிகளிலேயே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பின்னாளில் இருவருமே இங்கிலாந்தின் கேப்டன்கள், அதற்கும் பின்னால் ஒரே வர்ணனையறையில் உட்கார்ந்தார்கள்.

1990 பிப்ரவரியில் ஜமைக்காவின் சபைனா பார்க்கில் டெஸ்ட் அறிமுகம். அதே டெஸ்டில் இன்னொருவரும் அறிமுகமானார், அலெக் ஸ்டூவர்ட். அவருடைய அப்பா மிக்கி ஸ்டூவர்ட் அப்போது இங்கிலாந்து அணியின் மேலாளர். கிரிக்கெட் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் ஒரே நாளில் முதல் தொப்பியை வாங்கினார்கள். ஒருவரின் அப்பா அணியின் உடைமாற்று அறையில் இருந்தார், இன்னொருவரின் அப்பா இல்ஃபோர்டில் வலை நடத்திக்கொண்டிருந்தார். அந்த டெஸ்டில் இங்கிலாந்து 9 விக்கெட்டில் வென்றது. 1974க்குப் பிறகு வெஸ்ட் இண்டீஸை அவர்கள் வென்ற முதல் டெஸ்ட் அது.

அதே தொடரில் நாசரின் மணிக்கட்டு முறிந்தது. அதோடு டெஸ்ட் அணியில் இடமும் போயிற்று. 1993ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு டெஸ்ட், மறுபடி வெளியே. நிலையாகத் திரும்பி வந்தது 1996ல், 28 வயதில்தான். இடைப்பட்ட காலத்தில் எசெக்ஸுக்காக ரன் குவித்துக்கொண்டிருந்தார். கூடவே கோபக்காரர் என்ற பெயரையும். அவுட் ஆகி வந்தால் உடைமாற்று அறையில் மட்டை பறக்கும் என்பது எசெக்ஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தக் கோபத்தைத் திமிர் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வேறாகத் தெரிகிறது. தோற்றுவிடுவோமோ, அப்பாவை ஏமாற்றிவிடுவோமோ என்ற பயமே தன்னை ஆட வைத்தது என்று நாசர் தன் சுயசரிதையிலும் பேட்டிகளிலும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தை ரசித்து ஆடிய நாட்கள் குறைவு என்றும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறை அவுட் ஆகும்போதும் அந்தப் பழைய வலைக்கூரை அவருக்கு நினைவில் வந்திருக்க வேண்டும். கையில் இருக்கும் ஒன்று ஒரே பருவத்தில் காணாமல் போகும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்துவிட்டவர் எப்படி நிம்மதியாக ஆட முடியும்?

1996ல் எட்ஜ்பாஸ்டனில் அவருடைய முதல் டெஸ்ட் சதம் இந்தியாவுக்கு எதிராக வந்தது. 128 ரன். தொடக்கத்திலேயே ஸ்ரீநாத் பந்தில் கீப்பரிடம் கேட்ச் போனதாக இந்திய வீரர்கள் முறையிட்டார்கள், நடுவர் தரவில்லை. இன்றிருக்கும் மறுபரிசீலனை முறை அப்போது இருந்திருந்தால் நாசர் ஹுசைனின் கதை வேறாகப் போயிருக்கலாம். அதே தொடரில் ட்ரெண்ட் பிரிட்ஜில் 107 ரன் எடுத்திருந்தபோது விரல் முறிந்து வெளியேறினார். அவருடைய விரல்கள் அப்பளம் மாதிரி என்று சக வீரர்கள் சொல்வதுண்டு. அவ்வளவு முறை முறிந்தன.

1997 ஜூன், மறுபடி எட்ஜ்பாஸ்டன். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 118 ரன்னுக்குச் சுருண்டது. இங்கிலாந்தும் 50 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்தது. அப்போது நாசரும் கிரஹாம் தோர்ப்பும் சேர்ந்து 288 ரன் கூட்டினார்கள். தோர்ப் 138, நாசர் 207. மெக்ராவும் வார்னும் இருந்த அணிக்கு எதிராக. அவருடைய மிகச் சிறந்த இன்னிங்ஸ் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்வார்கள். தேர்ட் மேன் ஷாட்டைக் குறை சொன்னவர்கள் அன்று கவர் டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோர்ப்பின் பெயரை நினைவில் வையுங்கள், இன்னும் இரண்டு முறை வருவார்.

சரி, இதுவரை சொன்னதோடு முடிந்திருந்தால் நாசர் ஒரு நல்ல டெஸ்ட் பேட்ஸ்மேன், அவ்வளவுதான். மொத்தம் 96 டெஸ்ட், 5,764 ரன், சராசரி 37.18. இந்தச் சராசரிக்கு மேலே இருப்பவர்கள் நிறைய பேர். அவரைப் பற்றி இன்னும் பேசுவதற்குக் காரணம் 1999க்குப் பிறகு நடந்தவை.

அந்த ஆண்டு உலகக் கோப்பை இங்கிலாந்தில்தான் நடந்தது. சொந்த மண்ணில் முதல் சுற்றோடு இங்கிலாந்து வெளியேறியது. கேப்டனாக இருந்த அலெக் ஸ்டூவர்ட் நீக்கப்பட்டார், அந்த இடத்துக்கு வந்தார் நாசர். சபைனா பார்க்கில் சேர்ந்து தொடங்கிய இருவரில் ஒருவரின் நாற்காலி மற்றவருக்கு. முதல் தொடர் நியூசிலாந்துக்கு எதிராக. முதல் டெஸ்டை வென்றும் தொடர் 2-1 என்று பறிபோனது. ஓவலில் கடைசி டெஸ்ட் தோற்றபின் பரிசளிப்புக்கு மாடத்தில் நின்ற நாசரைப் பார்த்து சொந்த ரசிகர்களே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். விஸ்டன் என்ற கிரிக்கெட் வெளியீட்டின் தரவரிசையில் டெஸ்ட் ஆடும் ஒன்பது நாடுகளில் இங்கிலாந்து ஒன்பதாவது. கிரிக்கெட்டைக் கண்டுபிடித்த நாடு, உலகத்திலேயே கடைசி அணி.

அங்கிருந்து அந்த அணி எப்படி எழுந்தது என்பதில் ஆடுகளத்துக்கு வெளியே நடந்ததுதான் பாதி. இங்கிலாந்து வீரர்கள் அதுவரை கவுண்டி அணிகளின் ஊழியர்கள். சம்பளம் கவுண்டியிடமிருந்து. டெஸ்டுக்கு மட்டும் நாட்டு அணி அவர்களை இரவல் வாங்கும். ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஞாயிறு வரை கவுண்டிக்காக ஓவர் ஓவராகப் போட்டுவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு டெஸ்ட் நடக்கும் ஊருக்கு வந்து, வியாழக்கிழமை காலை புதுப்பந்தை எடுப்பார். அணி என்ற உணர்வே ஐந்து நாளைக்குத்தான். எதிரில் ஆஸ்திரேலிய வீரர்களோ வாரியத்தின் நேரடி ஒப்பந்தத்தில் இருந்தார்கள், எப்போது ஓய்வு, எப்போது ஆட்டம் என்பது திட்டமிடப்பட்டிருந்தது.

2000ல் இங்கிலாந்து வாரியம் மத்திய ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தது. முதலில் 12 வீரர்கள். இனி அவர்கள் நாட்டு அணியின் ஊழியர்கள், கவுண்டிக்கு எப்போது ஆடலாம் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வார். கவுண்டிகள் சும்மா விடவில்லை, எதிர்ப்பு பலமாக இருந்தது. நாசரும் புதிய பயிற்சியாளர் டங்கன் ஃபிளெட்ச்சரும் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஜிம்பாப்வேக்காரரான ஃபிளெட்ச்சர் அதிகம் பேசாதவர். நாசர் பொரிந்து தள்ளுகிறவர். இருவரும் அதற்கு முன் சேர்ந்து வேலை செய்தவர்களும் இல்லை. ஆனாலும் அந்த ஜோடி பொருந்தியது. பந்து வருவதற்கு முன்பே முன்காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொள்ளும் முறையை ஃபிளெட்ச்சர் பேட்ஸ்மேன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆசிய ஆடுகளங்களில் சுழலை ஆட அது பெரிய உதவி. வீரர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவுண்டி சராசரியை மட்டும் பார்க்காமல், பெரிய ஆட்டத்துக்குத் தாங்குவாரா என்று பார்த்தார்கள். மைக்கேல் வானும் மார்கஸ் ட்ரெஸ்கோதிக்கும் அப்படி வந்தவர்கள்தான். 1999 கடைசியில் ஜோகன்னஸ்பர்க்கில் வான் அறிமுகமான டெஸ்டில் இங்கிலாந்து 2 ரன்னுக்கு 4 விக்கெட் இழந்தது. அந்த நான்கில் ஒன்று நாசருடையது.

அந்தத் தென்னாப்பிரிக்கத் தொடர் தோல்விதான். ஆனால் டர்பனில் நாசர் 10 மணி நேரத்துக்கு மேல் நின்று ஆட்டமிழக்காமல் 146 எடுத்தார். கேப்டன் எப்படிப்பட்ட ஆள் என்பதை அணி அங்கே பார்த்துவிட்டது. 2000 கோடையில் வெஸ்ட் இண்டீஸை 3-1 என்று வென்றார்கள், 1969க்குப் பிறகு முதல் தொடர் வெற்றி.

அப்புறம் கராச்சி. 2000 டிசம்பர். மூன்று டெஸ்ட் கொண்ட தொடரில் முதல் இரண்டும் டிரா. கடைசி டெஸ்டின் கடைசி நாளில் பாகிஸ்தான் திடீரென்று சரிந்தது, இங்கிலாந்துக்கு இலக்கு 176. குளிர்காலப் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். பாகிஸ்தான் கேப்டன் மொயின் கான் நேரத்தை இழுத்தார். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி மறுபடி முறையிட்டார். நடுவர் ஸ்டீவ் பக்னர் ஆட்டத்தை நிறுத்த மறுத்துவிட்டார், தாமதத்துக்குக் காரணம் யார் என்று அவருக்குத் தெரியும். கடைசி ஓவர்களில் பந்து எங்கே போகிறது என்று ஃபீல்டர்களுக்கே தெரியவில்லை. ஆடுகளத்தில் நின்றவர்கள் தோர்ப்பும் நாசரும். தோர்ப் 64 ரன்னோடு வெற்றி ரன்னை ஓடி முடித்தபோது கிட்டத்தட்ட இரவு. பாகிஸ்தான் அந்த மைதானத்தில் அதற்கு முன் ஒரு டெஸ்டும் தோற்றதில்லை. இங்கிலாந்து பாகிஸ்தானில் டெஸ்ட் வென்று 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஆண்டு முழுக்க நாசரின் மட்டையில் ரன் வரவில்லை என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். டர்பனுக்குப் பிறகு 15 மாதம் சதமே இல்லை. தன் சொந்தத் தோல்வியை நினைத்து நடுங்கிய மனிதர், அணி வென்றுகொண்டிருக்கும்போது அதை மறைத்துக்கொண்டு மைதானத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். 2001 மார்ச்சில் இலங்கையில் காலே டெஸ்டை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்றபின், கண்டியில், முரளிதரனின் சொந்த ஊரில், அந்த வறட்சி தீர்ந்தது. 109 ரன். இங்கிலாந்து 3 விக்கெட்டில் வென்றது. அடுத்து கொழும்பில் இலங்கை இரண்டாவது இன்னிங்ஸில் 81க்குச் சுருள, மூன்றே நாளில் ஆட்டம் முடிந்து தொடரும் 2-1 என்று வந்தது. ஓவல் மாடத்தில் கேலிக்குள்ளான கேப்டனுக்குத் தொடர்ந்து நான்காவது தொடர் வெற்றி.

இந்திய ரசிகர்களுக்கு நாசர் என்றால் நினைவுக்கு வருவது வேறு இரண்டு காட்சிகள். முதலாவது 2001 டிசம்பர், பெங்களூர். இடக்கைச் சுழல் வீச்சாளர் ஆஷ்லி ஜைல்ஸை ஓவர் த விக்கெட்டிலிருந்து சச்சினின் கால் பக்கத்துக்கு வெளியே போடச் சொன்னார். ஃபீல்டர்களும் அந்தப் பக்கமே. பொறுமை இழக்க வைப்பதுதான் திட்டம். 90 ரன்னில் சச்சின் இறங்கி வந்து தவறவிட்டார், ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஸ்டம்பிங் செய்தார். டெஸ்டில் சச்சின் ஸ்டம்பிங் ஆனது அதுவே முதல் முறை. இது கிரிக்கெட்டா என்று இங்கே எல்லோரும் கொதித்தோம். எனக்கும் அன்று கோபம்தான். இன்று யோசித்தால், கையில் அனுபவமுள்ள சுழல் வீச்சாளர்கள் இல்லாத ஒரு கேப்டன், உலகின் சிறந்த பேட்ஸ்மேனை இந்திய ஆடுகளத்தில் கட்டிப்போட வேறு என்ன செய்ய முடியும் என்று தோன்றுகிறது. தொடரை இந்தியா 1-0 என்றுதான் வென்றது. அதைவிடப் பெரிய தோல்வியை எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். அடுத்த மாதம் ஒருநாள் தொடருக்காக அவர் இங்கிலாந்துக் கேப்டனாகச் சேப்பாக்கத்தில் களமிறங்கினார், அப்பாவும் அண்ணன்களும் ஓடிய அதே மைதானத்தில்.

இரண்டாவது காட்சி 2002 ஜூலை 13, லார்ட்ஸ். கங்குலி சட்டையைக் கழற்றிச் சுழற்றிய நாள் என்று நமக்குத் தெரியும். அன்று மதியம் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். ஒருநாள் ஆட்டத்தில் மூன்றாவதாக இறங்க நாசருக்குத் தகுதியில்லை என்று முன்னாள் வீரர்களான வர்ணனையாளர்கள் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இறுதிப்போட்டியில் 115 அடித்தார், ஒருநாள் போட்டிகளில் அவருடைய ஒரே சதம். சதம் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, ஊடக அறையைப் பார்த்து மூன்று விரல்களைக் காட்டி, சட்டை முதுகில் இருந்த 3ஐச் சுட்டிக் காட்டினார். முகத்தில் சந்தோஷத்தின் சாயலே இல்லை, ஆத்திரம் மட்டும்தான். சதம் அடித்த மனிதரின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. இங்கிலாந்து 325 எடுத்தும் யுவராஜும் கைஃபும் சேர்ந்து அந்த ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாசரின் சதம் தோற்ற அணியின் கணக்கில் போயிற்று.

அதே ஆண்டு நவம்பரில் பிரிஸ்பேன். ஆஷஸின் முதல் காலை, டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை ஆடச் சொன்னார். அன்று மாலை ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 364. ஹெய்டன் 186 ரன்னோடும் பாண்டிங் சதத்தோடும் மிரட்டினார்கள். சைமன் ஜோன்ஸின் முழங்கால் அன்றே போனது. 384 ரன்னில் தோல்வி. ஆஷஸ் 11 நாள் ஆட்டத்திலேயே கைமாறியது. அந்த டாஸ் முடிவு தன் தவறு என்று அவர் பல முறை ஒப்புக்கொண்டிருக்கிறார். வலுவான அணியிடம் பேட்டிங் சரிந்துவிடுமோ என்ற பயம்தான் அந்த முடிவை எடுக்க வைத்தது என்று நினைக்கிறேன். அவரைக் கட்டி இழுத்து வந்த பயம் அன்று அவருடைய காலையே வாரிவிட்டது.

அடுத்து 2003 உலகக் கோப்பை. ஹராரேயில் ஜிம்பாப்வேயோடு ஆட வேண்டும். முகாபே ஆட்சியின் கொடுமைகள் ஒரு பக்கம், வீரர்களுக்கு வந்த கொலை மிரட்டல் கடிதம் இன்னொரு பக்கம். போகலாமா வேண்டாமா என்று அரசாங்கமும் வாரியமும் சர்வதேச கிரிக்கெட் பேரவையும் மாற்றி மாற்றிப் பேச, முடிவின் பாரம் கேப் டவுன் விடுதி அறையில் உட்கார்ந்திருந்த வீரர்கள் தலையில் விழுந்தது. நாள்கணக்கில் கூட்டங்கள். வீரர்களின் குரலாக இருந்தவர் நாசர். கடைசியில் போகவில்லை, புள்ளிகள் ஜிம்பாப்வேக்கு. முதல் சுற்றிலேயே இங்கிலாந்து வெளியேறியது, ஒருநாள் அணித் தலைமையை நாசர் விட்டார். ஒரு கிரிக்கெட் கேப்டன் சுமக்க வேண்டிய சுமையே இல்லை அது. அரசியல்வாதிகள் எடுக்க வேண்டிய முடிவை 15 விளையாட்டு வீரர்களிடம் தள்ளிவிட்டதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கோடையில் எட்ஜ்பாஸ்டனில் தென்னாப்பிரிக்காவின் 22 வயதுக் கேப்டன் கிரேம் ஸ்மித் 277 எடுத்தார். டெஸ்ட் முடிந்ததும் நாசர் தலைமையை வானிடம் ஒப்படைத்தார். ஒருநாள் அணியில் வானின் கீழ் வீரர்கள் லேசான மனதோடு ஆடுவதை அவர் கவனித்திருந்தார். அடுத்த டெஸ்டில் சாதாரண வீரராக லார்ட்ஸில் நின்றபோது 8 ரன்னில் இருந்த ஸ்மித்தின் கேட்ச்சை விட்டார். ஸ்மித் 259 எடுத்தார். அதோடு ஒதுங்கிவிடுவார் என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த டெஸ்டில், ட்ரெண்ட் பிரிட்ஜில், 116 அடித்தார். இங்கிலாந்து வென்றது.

45 டெஸ்டில் 17 வெற்றி, 15 தோல்வி, 13 டிரா. இந்தக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 2005ல் ஆஷஸை மீட்ட அணியில் வான், ட்ரெஸ்கோதிக், ஹார்மிசன், சைமன் ஜோன்ஸ் ஆகிய நால்வரும் நாசரின் தலைமையில் டெஸ்ட் அறிமுகமானவர்கள். தோல்வியைச் சகிக்காத அணியாக அதை முதலில் மாற்றியவர் நாசர். சிரித்துக்கொண்டே வெல்லச் சொல்லிக்கொடுத்தவர் வான். முதல் வேலை நடக்காமல் இரண்டாவது நடந்திருக்காது.

2004 மே, லார்ட்ஸ், நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். வலைப்பயிற்சியில் வானின் முழங்காலில் அடிபட்டதால் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் என்ற புதியவருக்கு இடம் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் ஸ்ட்ராஸ் 112. இரண்டாவதில் 282 இலக்கைத் துரத்தும்போது 83ல் இருந்தார். அறிமுக டெஸ்டிலேயே இரண்டு சதம் என்ற வாசலில் நின்றவரை, நாசர் இல்லாத ரன்னுக்கு அழைத்து ரன் அவுட் ஆக்கிவிட்டார். மறுமுனைக்கு வந்தவர் தோர்ப். எட்ஜ்பாஸ்டனிலும் கராச்சி இருட்டிலும் உடன் நின்ற அதே தோர்ப். 2024ல் அவர் இறந்தபோது இந்த மூன்று ஆட்டங்களும்தான் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன. இருவரும் பிரியாமல் ஆட்டத்தை முடித்தார்கள். நாசர் 103 ஆட்டமிழக்காமல், வெற்றிக்கான பவுண்டரியும் அவர் மட்டையிலிருந்தே.

வான் குணமாகித் திரும்பினால் ஒருவர் வெளியே போக வேண்டும். ஸ்ட்ராஸை நீக்க எந்தக் காரணமும் இல்லை. 100 டெஸ்டுக்கு இன்னும் நான்குதான் பாக்கி. மூன்று நாள் கழித்து, 36 வயதில், நாசர் ஹுசைன் எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வை அறிவித்தார். ஸ்ட்ராஸ் அணியிலேயே இருந்தார்.